வெள்ளி பார்க்க அணைத்த விளக்கு

போன கிழமை ஒருநாள் பின்னேரம் அடுத்த வீட்டு ரீச்சர் கேற்றடியில் வந்து நின்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வானத்து வெள்ளிகளை, நட்சத்திரங்களைக் காட்ட வேண்டுமாம். எங்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் கம்பத்து லைற்தான் தெரிகிறதாம்.

"அம்மா, ரவுணைச் சுத்தி நல்ல இருட்டான இடம் எதெண்டு உங்களுக்குத்தான் தெரியுமாம். நீங்கள் முந்தி வேலை செய்த இடத்து முதலாளி சொன்னவர்," என்றார்.

"எனக்கு ஒண்டும் தெரியாது பிள்ளை," என்றேன்.

சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய், அடுப்பில் ஒன்றும் இல்லாமலே அடுப்படியில் நின்றேன். நான் சொன்னது பொய். இந்தப் பக்கத்தில் எந்த இடத்தில் எவ்வளவு இருட்டு இருந்தது என்று ஒரு மாசி மாதம் முழுக்கத் தேடித் திரிந்தவள் நான். உங்களுக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் எனக்கு வராது. எழுதினால் வரும்.

சண்டை முடிந்து இரண்டு மூன்று வருஷம் போயிருக்கும். என் வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். நான் வாழ்க்கையில் முதல்முறையாகச் சம்பளத்துக்கு வேலைக்குப் போனேன். உப்புவெளியில் ஐந்து அறை உள்ள சின்ன கெஸ்ற்ஹவுஸ் ஒன்றில் சமையல். முதலாளி கிண்ணியாக்காரர். என்னைவிட இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். நண்டுக்கறி நன்றாக இருக்கிறது என்று சொல்ல யாராவது குசினிக்கு வந்தால் நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். வந்தவர்கள் கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். என் கைக்குக் கிடைத்த பாராட்டை எல்லாம் வாங்கிக்கொண்டது அந்தக் கதவுதான்.

ஒருநாள் கொழும்பிலிருந்து ஓர் அம்மா வந்தார். தனியாக வந்தவர், அந்த மாசி முழுக்கத் தங்கினார். நீளமான கறுப்புப் பெட்டி ஒன்றுக்குள் வெள்ளி பார்க்கிற குழாய் கொண்டுவந்திருந்தார். பெட்டியைத் திறக்கத் தையல் மெசின் எண்ணெய் மணம் வந்தது. நாங்கள் இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் நான் கை மெசினில் சட்டை தைத்துக்கொண்டிருந்தேன், ஒரு குப்பி விளக்கில். எங்கோ சத்தம் கேட்டால் பக்கத்துக் கொட்டிலில் இருந்து யாராவது "விளக்கு" என்பார்கள். அந்த ஒரு சொல்தான். அது முடிவதற்குள் நான் ஊதி அணைத்திருப்பேன். ஏன், எதற்கு என்று கேட்பதில்லை. வெளிச்சம் தெரிந்தால் ஆபத்து, இருட்டுக்குள் இருந்தால் உயிர். அப்படிப் பல வருஷம் பழகிய ஆட்கள் நாங்கள்.

அந்த அம்மா ஆசைப்பட்டதைப் பார்த்து முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது.

"அக்கா, வாற ஆக்கள் எல்லாம் கடலத்தான் பாக்காங்க. வானத்த இஞ்ச ஒருத்தனும் காட்டுறல்ல. நாம காட்டுவம்," என்றார். அடுத்த நாளே பலகை ஒன்றில் 'வெள்ளி பார்க்கலாம்' என்று நீல மையால் எழுதிக் காயவைத்துவிட்டார். இடம் இனித்தான் தேட வேண்டும்.

அந்த அம்மாவுக்குத் துணைக்கு ஒரு பெண் வேண்டும் என்று என்னையும் வான் வண்டியில் ஏற்றினார்கள். உப்புவெளிக் கரையில் ஹோட்டல் பல்புகள். சல்லிக்குப் போய்க் கோயிலுக்கு அங்காலே கரையில் நின்றோம். கடல் முழுக்க வள்ளங்களின் லாம்பு, வானத்தைவிடக் கடலில்தான் வெள்ளி கூடுதல். சைக்கிளில் வந்த மீன்காரர் ஒருவர் காலை ஊன்றிக்கொண்டு, "என்ன தேடுறியள்?" என்றார். வெள்ளி என்றோம். "மேல பாக்காதேங்கோ, கீழ பாத்து நடவுங்கோ. நான் காயப்போட்ட கருவாட்டிலதான் நிக்கிறியள்," என்றார்.

பிறகு கண்டற்காட்டுப் பக்கம் களப்புக் கரைக்குப் போனோம். அங்கே இருட்டு இருந்தது. ஆனால் பத்து நிமிஷத்தில் இரண்டு பேர் வந்து யார், எவர், இருட்டில் என்ன வேலை என்று கேட்டார்கள். முதலாளி சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னார், அவருடைய சேட்டு முதுகில் நனைந்திருந்தது. இருட்டில் சும்மா நிற்கலாம் என்பது எங்கள் ஒருவருக்கும் அப்போது நம்பிக்கையில்லாத விஷயம்.

அன்றைக்குத்தான் நான் வாயைத் திறந்தேன். "கப்பல்துறையில எங்கட அத்தான்ர சேனை இருக்கு. அங்க நல்ல இருட்டு," என்றேன். அத்தான் என்றது என் அக்காவின் கணவர். முதலாளி வானை நிற்பாட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "இத முதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா," என்றார். எனக்குப் பொல்லாத பெருமை. நான் சொல்லி ஒரு வான் ஒரு பக்கமாகத் திரும்புவது அதுதான் முதல்தடவை.

காடு வெட்டிப் பயிர் செய்யும் அந்தச் சேனை காட்டோரம். சோளன் முற்றி நின்ற நேரம். அந்த நேரத்தில்தான் யானை வரும். அங்கே பொழுதுபட்டால் அதன் பேரைச் சொல்ல மாட்டார்கள், பெரியவர் என்பார்கள். முந்தின வருஷம் இரண்டு சேனை தள்ளி ஒருவரைப் பெரியவர் அடித்துவிட்டார், ஆள் தப்பவில்லை. அதனால் எல்லாருடைய காவல் பரணிலும் கார் பற்றறியில் ஒரு பல்ப் எரியும், கீழே கட்டை நெருப்பு புகையும்.

அமாவாசையன்று பின்னேரம் போனோம். அத்தானுக்குச் சோறு கட்டித் தந்தபோது அக்கா சொன்னாள்: "என்னத்தையும் பாருங்கோ. லைற்ற மட்டும் நூத்து இருட்டாக்க விடாத. விளங்குதோ?"

"ஓம் அக்கா," என்றேன்.

ஏழு மணிக்கு நல்ல இருட்டு. சோளத்தைத் தாண்டிக் கூட்டித் துப்புரவாக்கிய ஒரு துண்டு நிலத்தில் அந்த அம்மா மூன்று காலையும் ஊன்றினார். பார்த்தார், சரிசெய்தார், திரும்பவும் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார். "ஐயா, அந்த பல்ப் கண்ணில குத்துது. அரை மணித்தியாலம் மட்டும் அணைக்கலாமா? நெருப்பையும்?"

அத்தான் சால்வையால் முகத்தைத் துடைத்தார். "அணைக்கிறது ஒழுங்கில்லை அம்மா," என்றவர் என் பக்கம் திரும்பினார். "என்ன பிள்ளை, உன்ர ஆக்கள். நீ சொல்லு. அணைக்கட்டோ?"

அந்த அம்மாவும் என்னைப் பார்த்தார். முதலாளியும் பார்த்தார். ஏலாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அணை என்று யாராவது கேட்டால் அணைத்துப் பழகிய தலை அதற்கு முன்னே ஆடிவிட்டது.

அத்தான் பரணில் ஏறிக் கம்பியைக் கழற்றினார். இறங்கி வந்து நெருப்பின் மேல் மண்ணைப் போட்டார்.

உடனே பக்கத்துப் பரணிலிருந்து ஒரு குரல் வந்தது. "அண்ணை, லைற் எங்க?"

"வெள்ளி பாக்க ஆக்கள் வந்திருக்கினம்," என்றார் அத்தான்.

"வெள்ளி பாக்கவோ? பெரியவர் வந்தா அவருக்கும் ஒருக்காக் காட்டுங்கோ."

இரண்டு மூன்று பரணில் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு வியாழனைக் காட்டினார். வெள்ளை உருண்டை ஒன்று, பக்கத்தில் நூலில் கோத்ததுபோல நாலு சின்னப் புள்ளி. "வடிவா இருக்கு," என்றேன். அந்த அம்மாவோடு நான் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு.

கண் இன்னும் குழாயில்தான் இருந்தது, மணம் வந்துவிட்டது. நசிந்த பச்சையிலையும் மாட்டுப்பட்டியும் கலந்த மாதிரி ஒரு மணம். சோளன் தட்டை ஒன்று முறிந்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

"ஒருத்தரும் அசையாதேங்கோ," என்றார் அத்தான், மிக மெதுவாக.

நான் நிமிர்ந்தேன். யானையை நான் காணவில்லை. பரணுக்குப் பின்னால், மரங்களுக்கு இடையே வெள்ளிகள் இருந்த இடத்தில் கறுப்பாக ஏதோ நின்றது. அது அசைய வெள்ளிகள் ஒவ்வொன்றாக மறைந்தன, பிறகு ஒவ்வொன்றாக வந்தன. அப்படித்தான் அது எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்தது. முதலாளி வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். அந்த அம்மா என் கையைப் பிடித்திருந்தார், நகம் பதிந்தது.

யானை விரட்டுகிற வெடி பரணில். பல்ப் கம்பியும் பரணில். அத்தான் எங்களை விட்டுப் பரணை நோக்கி நடந்தார். ஓடவில்லை, நடந்தார். ஏணித்தடியில் அவர் கால் வைக்கும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது கேட்கவில்லை. மரம் பிளக்கிற சத்தம், பரண் விழுகிற சத்தம், அதற்குள் அத்தானின் குரல்.

எல்லாப் பரண்களிலும் தகரம் அடித்தார்கள். வெடி போட்டார்கள். தீப்பந்தத்தோடு ஆட்கள் ஓடி வந்தபோது பெரியவர் சோளத்துக்குள்ளால் போய்விட்டார். அத்தான் பரணின் கப்புமரம் ஒன்றின் கீழே கிடந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது.

வானில் அவருடைய தலை என் மடியில். ஆஸ்பத்திரி வரைக்கும் அவர் முனகியது கொஞ்சம்தான். நடுவில் ஒருமுறை கண்ணைத் திறந்தார்.

"உன்ர அக்காட்ட நான்தான் அணைச்சனான் எண்டு சொல்லு."

"அத்தான்…"

"நீ தலையாட்டினது தெரிஞ்சா அவள் உன்னைப் படியேற விடமாட்டாள். நீ தனிச்சு நிக்கிறாய். வாயைத் திறக்காத."

வாயைத் திறக்காமல் இருப்பதற்கு எனக்குச் சொல்லித் தரவா வேண்டும்.

கால் பொருந்தியது, ஆனால் கட்டையாகிவிட்டது. அவர் பிறகு பரண் ஏறவில்லை. கொழும்பு அம்மா விடியும்வரை ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருந்து அழுதார். முதலாளி வெள்ளிப் பேச்சை விட்டுவிட்டார். நீலப் பலகை என் குசினியில் தண்ணீர்ப் பீப்பாவுக்கு மூடியானது. எழுத்து மேல் பக்கம். தினமும் காலையில் அதைத் தூக்கித்தான் நான் தண்ணீர் அள்ளுவேன்.

அத்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னர் காலமானார். போன வருஷம் நானும் அக்காவும் கப்பல்துறையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டு, பொழுதுபட்ட நேரம் கண்டி வீதியில் பஸ்சுக்கு நின்றோம். சேனை இருந்த இடத்தில் மதில் கட்டிய வீடுகள், கடைகள், வரிசையாக வெள்ளைப் பல்ப் போட்ட கம்பங்கள். அண்ணாந்து பார்த்தேன். சாம்பல் நிறம்தான் இருந்தது.

"எங்கட பரண் எதில நிண்டது?" என்று கேட்டாள் அக்கா. எனக்கும் பிடிபடவில்லை. அவள் பெருமூச்சு விட்டாள். "கால் நோகுது எண்டு மனிசன் அனுங்கிற நேரமெல்லாம் நான் பேசினனான். நான் அவ்வளவு சொல்லியும் லைற்ற நூத்த மனிசன்தானே, அனுபவியுங்கோ எண்டு. ஒரு சொல் திருப்பிச் சொன்னதில்லை."

அத்தனை வருஷம் அந்தப் பேச்சு முழுக்க அவர் வாங்கியிருக்கிறார். எனக்கு வரவேண்டிய பேச்சு.

"அவர் இல்லை அக்கா. என்னைத்தான் கேட்டவர். நான்தான் தலையாட்டினனான்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பஸ் வந்தது. ஏறி யன்னல் பக்கம் இருந்தாள். பக்கத்து இருக்கையில் தன்னுடைய பையை வைத்தாள்.

அவள் என்னைப் படியேற விடாமல் இல்லை. வருத்தம், மருந்து, மீன் எல்லாம் கதைப்பாள். போன மாதம் அத்தானின் திவசம். நான்தான் சமைத்தேன். விறாந்தையில் வாழையிலை போட்டு ஆட்கள் இருந்தார்கள். கலியாணம் முடித்த புதிதில் அத்தான் சைக்கிளில் தன்னை ஏற்றிக்கொண்டு வெருகல் திருவிழாவுக்கு வெளிக்கிட்ட கதையை அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். குசினிக்குள் இருந்து எனக்கும் சிரிப்பு வந்தது. பாதி வழியில் செயின் கழன்ற இடத்தில் நான் பருப்புச் சட்டியோடு விறாந்தைக்கு வந்தேன்.

அக்கா நிறுத்திவிட்டாள்.

"பருப்பை விடு," என்றாள்.

ஒவ்வொரு இலையாக விட்டுக்கொண்டு போனேன். மெதுவாகத்தான் விட்டேன். மிச்சக் கதை வரவில்லை.