ஜஹீதா சொன்ன ராக்கெட் கதை

சுந்தரவல்லி தி.நகரில் ஒரு பெரிய துணிக்கடையின் பட்டுப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக நின்றுகொண்டிருக்கிறாள். வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களிடம், "அமையல" என்று சொல்லிவிட்டு அடுத்த புடவையைப் பிரிப்பாள். உண்மையில் இரண்டு வரன்கள் நன்றாகவே அமைந்து வந்தன. ஒருவர் கோயம்புத்தூர், ஒருவர் அம்பாசமுத்திரம். இருவரிடமும் அவள் கேட்டது ஒன்றுதான்: கல்யாணத்துக்குப் பிறகு மந்தைவெளியில் இதே வீட்டில் குடியிருக்க முடியுமா? அவர்கள் போய்விட்டார்கள். மதுரைக் கிளைக்குச் சூப்பர்வைசராகப் போகச் சொன்னபோதும் மறுத்துவிட்டாள்.

அந்த வீடு அப்படி ஒன்றும் பிரமாதமில்லை. எட்டுக் குடித்தனம் இருந்த பழைய ஸ்டோர் வீட்டில் ஒரு அறையும் சமையலறையும். குளியலறை பொது. அவளுடைய அப்பா அய்யாதுரை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றுக்கு வேலைக்கு வந்து, கல்யாணமானதும் அங்கே குடியேறினார். சுந்தரவல்லி அங்கேதான் பிறந்தாள். அவளுக்குப் பத்து வயதாகும்போது, அறுபத்துமூவர் உற்சவத்தன்று சாமி பார்க்கப் போன அம்மா திரும்பி வரவில்லை. கூட்டத்தில் தவறிப்போயிருப்பாள் என்று முதல் நாள் தேடினார்கள். மறுநாள் அப்பா அலமாரியைத் திறந்து பார்த்தார். நான்கு புடவைகள் இல்லை. "ஊருக்குப் போயிருக்கா, வந்துருவா" என்று மகளிடம் சொன்னார். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. 2011இல் இறக்கும்வரை சொல்லவில்லை.

அம்மா போன அந்த வருடம்தான் டிவியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு விண்வெளித் தொடர் வந்தது. இந்தி. ஸ்டோர்ப் பிள்ளைகள் அதை 'ராக்கெட் நாடகம்' என்றார்கள். டிவி இருந்தது எதிர்ப் போர்ஷனில், சோபா தைக்கும் அக்பர் பாஷா வீட்டில் மட்டும்தான். உருது பேசும் குடும்பம் என்பதால் இந்தி அவர்களுக்குப் புரியும். அக்பர் பாஷாவின் மகள் ஜஹீதாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்லுவாள். பிள்ளைகள் பாதி நேரம் திரையைப் பார்ப்பார்கள், பாதி நேரம் ஜஹீதாவின் வாயைப் பார்ப்பார்கள்.

கதையில் வந்தனா என்று ஒரு டாக்டர். பிங்கி என்ற மகளைப் பூமியில் விட்டுவிட்டு ராக்கெட்டில் போகிறாள். ஏழாவது வாரம், அம்மா ஒரு கண்ணாடித் திரையில் தோன்றி மகளிடம் பேசினாள்.

"பெட்ரோல் தீந்துபோச்சாம்" என்றாள் ஜஹீதா. "ரொப்பிக்கினு வந்துடுவாங்களாம். அதுவரைக்கும் அதே வீட்லயே இருக்கணுமாம். வீடு மாறிட்டா ராக்கெட்டுக்கு வழி தெரியாதாம்."

சுந்தரவல்லி அன்று அழவில்லை. அம்மா போன பிறகு முதல்தடவையாக இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

வளர்ந்தபின் அவளுக்கு ராக்கெட்டும் தெரியும், பெட்ரோலும் தெரியும். ஆனாலும் வீடு மாறக் கூடாது என்பது மட்டும் எங்கோ உள்ளே தங்கிவிட்டது. அம்மாவுக்குத் தெரிந்த விலாசம் அது ஒன்றுதான். ஜஹீதா இருபது வயதில் கல்யாணமாகி வேளச்சேரிக்குப் போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். போன வருடம் வீட்டுக்காரர் பத்ரிநாராயணன், இடித்து அடுக்குமாடி கட்டப்போவதாகச் சொன்னபோது, மிச்சமிருந்த குடித்தனங்களும் காலி செய்தன. சுந்தரவல்லி மட்டும் தன் அறையில் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கடையில் அவளோடு வேலை செய்யும் கயல் ஒருநாள் சாப்பாட்டு வேளையில், சின்ன வயசில் என்ன சீரியல் பார்த்தீங்க அக்கா என்று கேட்டாள். சுந்தரவல்லி ராக்கெட் நாடகத்தைச் சொன்னாள். கயல் மோர்ச்சோறு கலந்த கையைக் கழுவிவிட்டு வந்து ஐந்து நிமிடம் ஃபோனில் தேடினாள். யாரோ பழைய வீடியோ கேசட்டிலிருந்து பதின்மூன்று வாரத்தையும் யூடியூபில் ஏற்றியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு வார விடுமுறை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, ஃபோனை அரிசி டப்பாவில் சாய்த்துவைத்துப் பார்க்க ஆரம்பித்தாள். முதலில் சிரிப்பு வந்தது. ராக்கெட்டின் சுவர் தெர்மாகோல். யாராவது கதவைச் சாத்தினால் ஆடியது. விண்வெளி உடை மழைக்கோட்டுத் துணியில் தைத்தது, தோளில் தையல் பிரிந்திருந்தது. இதைப் பார்த்தா வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம் என்று நினைத்தாள்.

இந்தி இப்போது அவளுக்குப் புரிந்தது. சௌகார்பேட்டைச் சேட்டு வீட்டுப் பெண்களுக்கு இருபத்திரண்டு வருடம் முகூர்த்தப் புடவை எடுத்துக் காட்டியதில் வந்த இந்தி. இரண்டாவது வாரத்திலேயே, ஜஹீதா அங்கங்கே கொஞ்சம் விட்டுவிட்டுத்தான் சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்தது. ஏழாவது வாரம் வந்தது. கண்ணாடித் திரையில் வந்தனா தோன்றினாள்.

"எனக்காகக் காத்திருக்காதே பிங்கி" என்றாள். "என்னை யாரும் அனுப்பவில்லை. நானாகத்தான் வந்தேன். திரும்பி வரும் எண்ணம் எனக்கு இல்லை."

பெட்ரோல் என்ற பேச்சே இல்லை. வீடு என்ற சொல் வரவே இல்லை. சுந்தரவல்லி அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். தனக்குத்தான் இந்தி போதவில்லையோ என்றுகூட நினைத்தாள். ஆறாவது தடவைக்குப் பிறகு ஃபோனை அணைத்துவிட்டாள்.

மறு செவ்வாய், மந்தைவெளி ஸ்டேஷனில் ரயிலேறி வேளச்சேரிக்குப் போனாள். ஜஹீதா மகனோடு மூன்றாவது மாடியில் இருந்தாள். முழங்கால் வலியால் கீழே இறங்குவதில்லை. மருமகள் சிம்ரா டீ வைத்துவிட்டு உள்ளே போனாள். சுந்தரவல்லி ஃபோனை எடுத்து அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினாள். ஜஹீதா முழுவதும் பார்த்தாள்.

"இத எங்கேர்ந்து புடிச்சே வல்லி?"

"நீ ஏன் மாத்திச் சொன்ன?"

"சின்னப் புள்ளடி நானு. எனக்கு இன்னா தெரியும்?"

"தெரிஞ்சுதான் மாத்திருக்க. ஒரு வார்த்தகூட ஒட்டல."

ஜஹீதா ஃபோனைத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள். "போறதுக்கு மொத நாளு ஒங்கம்மா எங்க வீட்டுக்கு வந்தாங்க. எங்கம்மாகிட்ட அழுதாங்க. 'என்னால முடியல ரூபீனா, நான் திரும்பி வரமாட்டேன், பொண்ண கொஞ்சம் பாத்துக்கோ'ன்னாங்க. நான் கட்டிலுக்குப் பின்னாடி கீறேன். எங்கம்மா என்னைப் பாத்துட்டு, சொன்னா வாயிலயே சூடு வெப்பேன்னுச்சு."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"ரெண்டு மாசம் கழிச்சு எங்க அட்ரஸுக்கு ஒரு லெட்டர் வந்துச்சு, பம்பாய்லேர்ந்து. தேட வேணாம்னு எழுதியிருந்தாங்களாம். எங்கம்மா ஒங்கப்பாகிட்ட குடுத்துச்சு. அவரு நின்னபடியே படிச்சுட்டு, எங்க அடுப்புலயே போட்டுட்டாரு."

உள்ளே சிம்ரா மிக்ஸி போட்டாள். அது நின்றதும் சுந்தரவல்லி கேட்டாள்.

"சரி. அம்மா வரமாட்டாங்கன்னு சொல்ல உனக்கு மனசு வரல. வீடு மாறக் கூடாதுன்னு ஏன் சொன்ன?"

ஜஹீதா முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். சுந்தரவல்லி திரும்பவும் கேட்டாள்.

"அப்ப ஒங்கப்பா உன்னைக் கூட்டிக்கினு ஊருக்கே போய்டலாம்னு பேசிக்கினு இருந்தாரு. நீ போய்ட்டா எனக்கு யாரு கீறாங்க? அதான் சொல்லிட்டேன். நீயும் அப்பாகிட்ட போய், வரமாட்டேன்னு அடம் புடிச்சே. அவரும் விட்டுட்டாரு. அவ்ளோதான் வல்லி. நீ ஒரு வாரத்துல மறந்துடுவேன்னு நெனச்சேன்."

"நீ கல்யாணம் பண்ணிட்டு இங்க வந்துட்டியே ஜஹீ."

"ஆமா" என்றாள் ஜஹீதா. பிறகு அழுதாள். சுந்தரவல்லி அவள் முதுகில் கைவைக்கவில்லை. டீயைக் குடித்து முடித்தாள், டம்ளரைச் சமையலறையில் கொண்டுபோய் வைத்தாள், சிம்ராவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினாள்.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. அம்மாவை நினைத்துக் கோபப்படப் பார்த்தாள். முகம் சரியாக நினைவுக்கு வரவில்லை. வந்தனாவின் முகம்தான் வந்தது. அப்பாவை நினைத்தாள். தினமும் ராத்திரி தாழ்ப்பாள் போடுமுன் அவள் வாசலை எட்டிப் பார்ப்பதை, பாயில் படுத்தபடி அவர் இருபது வருடத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. தெரிந்துகொண்டே பார்த்திருக்கிறார். அதை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை. மந்தைவெளி வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. கடற்கரை ஸ்டேஷன்வரை போய், அதே ரயிலில் திரும்பி வந்தாள்.

அந்த வாரமே பத்ரிநாராயணன் வீட்டுக்குப் போய், காலி செய்துவிடுகிறேன் என்றாள். அவர் நம்பாமல் பார்த்தார்.

"நெஜமாத்தான் சொல்றியா? போன மாசம்கூட என் பையன் வந்து கேட்டப்போ முடியாதுன்னுட்டயே?"

"இப்ப முடியும் சார்."

"புது விலாசத்தை எழுதிக் கொடுத்துட்டுப் போம்மா. உன்னைத் தேடிண்டு யாராவது எங்காத்துக்கு வந்தா சொல்லணுமோன்னோ?"

"யாரும் வரமாட்டாங்க சார்" என்றாள். எழுதிக் கொடுக்கவில்லை.

சைதாப்பேட்டையில் ஒரு மாடி அறைக்குப் போனாள். சாமானுக்கு ஒரு குட்டியானை வண்டி பாதிகூட நிரம்பவில்லை. புது இடத்தில் முதல் ஒரு மாதம் தூக்கம் வரவில்லை என்பதைவிட, விழித்திருக்கக் காரணம் எதுவும் இல்லை என்பதுதான் அவளுக்கு வினோதமாக இருந்தது. இனி எதற்கும் காத்திருக்க வேண்டாம். கோயம்புத்தூர்க்காரருக்கு இப்போது பேரப்பிள்ளை இருக்கக்கூடும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவும் அவளுக்குத் தெம்பில்லை. ஜஹீதா ஃபோன் செய்தாள், பலமுறை. இவள் எடுக்கவில்லை.

ரம்ஜானுக்கு இரண்டு வாரம் முன்பு ஜஹீதாவே கடைக்கு வந்தாள். சிம்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு, லிஃப்டிலிருந்து பட்டுப் பிரிவுவரை நொண்டி நொண்டி நடந்து வந்தாள். சுந்தரவல்லி அவளுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டாள்.

"என்ன கலர் பாக்கறீங்க?" என்று சிம்ராவைக் கேட்டாள்.

"ஆன்ட்டி, அத்தை உங்ககிட்ட பேசணும்னுதான்..." என்றாள் சிம்ரா.

"கோவமா கீறியா வல்லி?" என்றாள் ஜஹீதா. "திட்டிடு. நாலு பேர் எதிர்லயே திட்டு."

"கோவம் இல்ல ஜஹீ."

"அப்புறம்?"

சுந்தரவல்லி உள்ளே தேடிப் பார்த்தாள். சொல்வதற்கு எதுவும் அகப்படவில்லை.

"ஒண்ணும் இல்ல" என்றாள்.

மயில்கழுத்து நிறத்தில் ஒரு புடவையைப் பிரித்து, முந்தானையை ஜஹீதாவின் மடிமேல் விரித்துக் காட்டினாள். ஜஹீதா புடவையைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வேறொரு குடும்பம் வந்து நின்றது. சுந்தரவல்லி அவர்களுக்கு ஸ்டூல் போடப் போனாள்.