கேதரின் மாட்டிய கார் டயர்

1977-இல் மலேசியாவின் பீடோங் வட்டாரத்தில் மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்ற பெண் ஒருத்திதான். பெயர் கேதரின், வயது இருபத்தேழு. சீனிவாசகம் முதலாளியின் ரொட்டிக்கடையில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பெட்டியை ஏற்றினால் மூன்று ரப்பர் தோட்டங்களைச் சுற்றி வருவாள். பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள் குளித்துவிட்டுத் தேநீர் கலக்கும் நேரத்தில் ரொட்டி அவர்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் நிற்க வேண்டும். பிந்தினால் ஒருவரும் வாங்க மாட்டார்கள்.

பிந்த வைத்தது டயர்தான். செம்மண் சாலையின் சரளைக்கல், புது டயரையும் நான்கே மாதத்தில் தேய்த்துவிடும். ஜூலையில் மட்டும் ஆறு பஞ்சர்.

"இன்னொரு நாள் லேட்டானா ரூட்ட முனியாண்டி வேனுக்குக் கொடுத்துருவேன்மா" என்றார் முதலாளி.

தடித்த கார் டயர் சீக்கிரம் தேயாது என்று, கேதரினும் அண்ணன் ஜூலியசும் ஒரு பழைய சின்னக் காரின் சக்கரத்தை வாங்கினார்கள். ஆ லியோங் பட்டறையில் அதன் ரிம்மில் துளை போட்டு, கம்பிகளை வெட்டிக் குறுக்கி, மோட்டாரின் பின்சக்கரமாகக் கோத்தார்கள். டயருக்கும் சங்கிலிக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. ஜூலியஸ் மூன்று முறை அளந்த பிறகே நட்டை முறுக்க விட்டான்.

காப்பிக் கடையில் ஒரே சிரிப்பு. கடைக்காரர் கேட்டார்: "என்னா கேதரின், காடி டயர மாட்டியாச்சு, கூரை எப்ப மாட்டப் போற?"

"மழை வரட்டும்லா. ஒங்க கடைக் கூரையக் கழட்டிக்கிட்டுப் போறேன்."

ஆனால் முதல் நாளே, மாரியம்மன் கோயில் வளைவில், பழக்கப்படி உடம்பைச் சாய்த்தாள். தட்டையான கார் டயர் சாய மறுத்தது. வண்டி நேரே போய்க் கால்வாயில் இறங்கியது. தொண்ணூறு ரொட்டி தண்ணீரில் மிதந்தது. அவள் முழங்கையில் நான்கு தையல்.

"போதும். அந்த டயரக் கழட்டு, இல்லன்னா திங்கக்கிழமையிலருந்து முனியாண்டி போவான்" என்றார் முதலாளி.

"டயர் மேல தப்பில்ல முதலாளி. சாய்ச்சது நான்."

"பின்ன சாயாம எப்படிம்மா திரும்புவே?"

வீடு வரும் வரை அந்தக் கேள்வியையே மென்றாள். வாசலில் நின்று அண்ணனிடம் சொன்னாள்: "அண்ணே, மூணாவது சக்கரம் போட்டா வண்டி சாயவே வேணாம்."

சனியும் ஞாயிறும் பட்டறையே கதி. ஞாயிறு பூசைக்கும் கையில் கிரீசோடுதான் போனாள். இரும்புக் குழாயை வளைத்து இடப்பக்கம் சக்கரம் வைத்த ஒரு பெட்டி கட்டினார்கள். அதன் சக்கரத்தை முக்கால் அங்குலம் உள்நோக்கித் திருப்பி வைத்தான் ஜூலியஸ். இல்லையென்றால் வண்டி ஒருபக்கமாக இழுக்கும். ரொட்டி கனமில்லாத சரக்கு, இடப்பக்கம் திரும்பும்போது பெட்டி தூக்கிக்கொண்டது. அடியில் ஒரு மூட்டை மணல் போட்டதும் அடங்கியது.

திங்கள் மதியம் போனால், ரொட்டி முழுவதும் வேனில் ஏறியிருந்தது. "டயரக் கழட்டலயே நீ" என்றார் முதலாளி.

"கழட்ட மாட்டேன்" என்றாள் கேதரின். வெறும் பெட்டியோடு வேனின் பின்னாலேயே கிளம்பினாள்.

இரண்டாவது தோட்டத்து ஏற்றத்தில் மழை பிடித்தது. வேனின் சக்கரங்கள் சேற்றில் சுழன்று சுழன்று அச்சுவரை புதைந்தன. முனியாண்டி இறங்கி நின்று தலையைச் சொறிந்தான்.

"ஏத்துங்கண்ணே இதுல" என்றாள்.

"இந்தச் சேத்துல இது ஏறுமா?"

"நின்னு பாருங்க."

தார்ப்பாயால் ரொட்டியை மூடி, முதல் கியரில், ஹேண்டிலை இரு கையாலும் இறுக்கிப் பிடித்து ஏறினாள். அகலமான டயர் சேற்றைப் பிடித்து ஏறியது. மூன்று முப்பதுக்கு லயத்தில் பெண்கள் ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் சீனிவாசகம் ரொட்டிப் பெட்டியை மறுபடி அவள் பக்கம் தள்ளினார். "ரூட்டு ஒனக்குத்தான். ஆனா அந்த டயரு பாக்கவே அசிங்கமா இருக்கு."

"ரொட்டி வாங்குறவங்க அதப் பாக்குறதில்ல முதலாளி."

1986 வரை அந்த ரூட்டில் அவள்தான். அதுவரை நான்கு டயர் மாற்றினாள். நான்கும் கார் டயர்.