தலைச்சார்ஜ்

அண்ணி எதைக் கையில் வாங்கினாலும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பார். புதுத் தட்டு, செருப்பு, முக்காலி, மிக்சி, எதுவானாலும் அடிப்பக்கம்தான் முதலில். கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், கழுவி வைத்த டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தார். நான் சரியாகக் கழுவவில்லை என்று குத்திக் காட்டுகிறார் என நினைத்து உள்ளே போய் அழுதேன். அது அவர் வேலை பார்க்கும் இடத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் என்று தெரிய வெகுகாலம் ஆயிற்று.

அண்ணி என் வீட்டுக்காரரின் அக்கா. பெரிய ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் இருக்கிறார். மாடி மாடியாகப் போய் அழுக்குத் துணியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். அந்தச் சக்கரங்களில் நூலும் தலைமுடியும் ஈரப் பஞ்சும் சுற்றிச் சுற்றி எலிவால்போல் இறுகிவிடும். வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, வளைந்த கத்தியால் அதை அறுத்து எடுப்பார். யார் முடி, என்ன ஈரம் என்று யோசித்தால் எனக்குச் சோறு இறங்காது. அண்ணி அதை ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை.

"உடம்புல இருந்து வர்றது கழுவினா போயிடும்மா. சில பேர் வாயில இருந்து வர்றதுதான் எத்தனை சோப்பு போட்டாலும் போகாது" என்பார்.

அவரைக் கட்டியவன் எப்போதோ போய்விட்டான். செத்தானா, வேறு வீடு பார்த்துக்கொண்டானா என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. அண்ணி படுக்கும் கட்டில் என் மாமியாருடையது. உடுத்துவது தம்பி எடுத்துத் தருவது. சம்பளம் அப்படியே தம்பி கைக்குப் போகும். தனக்கென்று ஒரு பொருளை அவர் தானே பார்த்து வாங்கி நான் கண்டதில்லை.

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவில் மூடிப்போன தொழிற்சாலை ஒன்று உண்டு. அதன் பின்புறம் இடிந்த காங்கிரீட் குவிந்து கிடக்கும். விடுமுறை நாளில் சிலர் அங்கே ரிமோட் வண்டி ஓட்ட வருவார்கள். குழந்தைகளுக்கு விற்கிற வகை இல்லை. முழங்கால் உயரம்கூட வராத ஜீப், ஆனால் பெரிய ஜீப்புக்கு உள்ள ஸ்பிரிங், கியர், அச்சு எல்லாம் அதற்கும் உண்டு. உடைந்த கல்மேல் நத்தைபோல் ஏறும். சறுக்கும், நின்று யோசிக்கும், மறுபடி ஏறும். அண்ணி வேலை முடிந்து வரும் வழியில் மதிலோரம் நின்று பார்ப்பாராம். ஒருநாள் அங்கே தொப்பி போட்ட ஒருவர் ரிமோட்டை நீட்டி, "சும்மா பிடிச்சுப் பாருங்க" என்றிருக்கிறார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்னோடு பேசிக்கொண்டிருந்தவரின் இரண்டு கட்டைவிரலும் மடியில் அசைந்துகொண்டே இருந்தன.

"ஒண்ணு வாங்கப் போறேன்மா."

"யாருக்கு அண்ணி?"

"எனக்குத்தான். வேற யாருக்கு?"

சாப்பிடும்போது இதைக் கேட்ட என் வீட்டுக்காரர் வாய் நிறையச் சோற்றோடு சிரித்தார்.

"பொம்மையா? இந்த வயசுலயா? ஆஸ்பத்திரில யாராவது மாத்திரையை மாத்திக் குடுத்துட்டாங்களா?"

"பொம்மை இல்லடா. பொம்மை உடைஞ்சா குப்பைக்குப் போகும். இதுல உடைஞ்ச பாகத்தை மட்டும் கழட்டி மாத்திக்கலாம்."

"அப்போ உன்னை மாதிரின்னு சொல்லு. உனக்கும்தான் முட்டி மாத்தணும்."

சிரித்த சிரிப்பில் அவர் வாய்ச்சோறு என் கையில் வந்து விழுந்தது. துடைத்துக்கொண்டேன்.

அண்ணி தனியாகக் கடைக்குப் போவதாகத்தான் இருந்தார். "உனக்கு என்ன தெரியும், எதையாவது உன் தலையில கட்டிடுவான்" என்று இவரும் கிளம்பிவிட்டார். எனக்கு ஒரு துணை வேண்டாமா என்று அண்ணி என்னையும் இழுத்துக்கொண்டார்.

கடைக்காரர் சுண்டுவிரல் நகத்தை நீளமாக வளர்த்திருந்தார். அதால் காதைக் குடைந்து, குடைந்ததை உற்றுப் பார்த்து, அதே நகத்தால் பெட்டியின் ஒட்டுத்தாளைக் கிழித்தார்.

"பையனுக்கா சார்?"

"இல்ல, அக்காவுக்கு."

அவர் அண்ணியின் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்தார். "சரி, பேரனுக்கு" என்று தானே திருத்திக்கொண்டு, தட்டையான சிவப்புக் கார் ஒன்றை வைத்தார். "பறக்கும் சார் இது. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள தெருமுனையில நிக்கும்."

இவருக்கு உடனே ஆசை வந்துவிட்டது. அண்ணி அதைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"வயிறு தரையைத் தொடுது. சின்னக் கல்லுகூட ஏறாது. எனக்கு மெதுவாப் போறது வேணும். உதிரி கிடைக்கறதா வேணும்."

"மெதுவாப் போறதுக்கு எதுக்குக்கா வண்டி? நீயே நடந்து போலாமே!"

கடைக்காரர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. அலமாரியில் இருந்த பச்சை ஜீப்பைக் காட்டி எடுக்கச் சொன்னார். சக்கரத்தை விரலால் சுழற்றினார், ஸ்பிரிங்கை அழுத்தி விட்டார், அச்சும் கியரும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டார். அவர் கேட்டதற்கெல்லாம் கடைக்காரர் என் வீட்டுக்காரரைப் பார்த்தே பதில் சொன்னார். கடைசியில் பச்சை ஜீப்தான் என்று ஆயிற்று.

"ரிமோட் இதுலயே வந்துடும். பேட்டரியும் சார்ஜரும் தனி." லித்தியம் பேட்டரி ஒன்றையும் அதற்கென்றே உள்ள சார்ஜரையும் பக்கத்தில் வைத்தார்.

அண்ணியிடம் தொப்பிக்காரர் சொல்லியனுப்பியது ஒன்றே ஒன்றுதான்: "எதுல வேணும்னாலும் மிச்சம் பிடிங்க, சார்ஜர்ல பிடிக்காதீங்க. அந்த பேட்டரி கோவக்காரி."

என் வீட்டுக்காரர் சார்ஜரைத் திருப்பித் தள்ளினார். "வீட்டுல சார்ஜர் இல்லாத மூலை இல்ல. இதையும் வாங்கணும்னா எதுவுமே வேணாம், கிளம்புங்க."

"வேற சார்ஜர் ஆகுமாங்க?" என்று அண்ணி கடைக்காரரிடம் கேட்டார்.

அவருக்குப் பதில் தெரியும். அவர் கண் பேட்டரிக்கும் சார்ஜருக்கும் போய்ப் போய் வந்ததை நான் பார்த்தேன். அப்புறம் இவர் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். "சாருக்குத் தெரியாததா? சார் பாத்துக்குவாரு."

எனக்கு வாயில் உப்புத் தண்ணீர் ஊறியது. வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன். அதற்குள் சார்ஜர் அலமாரிக்குத் திரும்பியிருந்தது.

"போகுது விடும்மா. வண்டி நான் சொன்னதுதானே. அவனும் எதுலயாவது ஜெயிச்சாத்தான் அவனுக்குச் சோறு செரிக்கும்" என்று பஸ்ஸில் என் காதோடு சொன்னார் அண்ணி.

எங்கள் வீட்டில் தலைச்சார்ஜ் என்று ஒன்று உண்டு. தலைப்பிள்ளை, தலைப்பிரசவம் என்பதுபோல என் வீட்டுக்காரர் உண்டாக்கிய சொல். புதிதாக எது வந்தாலும் முதல் சார்ஜ் வயிறு முட்ட ஏற வேண்டும், பச்சை விளக்கு எரிந்தாலும் எடுக்கக் கூடாது, பொழுது முழுக்கக் கிடக்க வேண்டும், அப்போதுதான் ஆயுள் கெட்டி. அவர் வாங்கிய போன்களுக்கெல்லாம் அப்படித்தான் போட்டார். அவை கெடாமல் ஓடியதால் அது இந்த வீட்டுச் சட்டமாகிவிட்டது.

விடுமுறையன்று காலையில் அண்ணி தலை வாரித் தயாராக உட்கார்ந்திருந்தார். இவர் பழைய டிரில்லிங் மெஷினின் சார்ஜரைத் தேடி எடுத்தார். அதன் முனை பேட்டரிக்குப் பொருந்தவில்லை. முனையை வெட்டிவிட்டு, ஒயரைப் பல்லால் கடித்து உரித்து, சிவப்பு ரப்பரைத் தூவென்று தரையில் துப்பினார். நான் பெருக்கிய தரை. பிறகு எச்சில் ஈரத்தோடு முறுக்கி டேப் சுற்றினார்.

"எவ்வளவு நேரம்டா ஆகும்?"

"தலைச்சார்ஜ்க்கா. சாயங்காலம் வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது."

"அவங்க மத்தியானமே கிளம்பிடுவாங்கடா."

"அடுத்த வாரம் போ. கல்லு எங்க ஓடியா போகப் போகுது?"

சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்கினார்.

மத்தியானம் ஒரு வாடை வந்தது. நகப்பூச்சு அழிக்கிற தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்ததுபோல் இனிப்பாக, குமட்டலாக. முக்காலிமேல் பேட்டரி தவளை வயிறாக உப்பிக் கிடந்தது. அண்ணி ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கி, இடுக்கியால் பேட்டரியைக் கவ்விப் பின்பக்கம் கொண்டுபோய் மணல் வாளியில் போட்டார். போட்டதும் அது சீறிக் கறுப்பாய்ப் புகைந்தது. அண்ணியின் புறங்கையில் கொப்புளம்.

இவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"பாத்தியா? நான் அப்பவே சொன்னேனே, இது ஆபத்தான சாமான்னு!"

அவர் அப்படி ஒருபோதும் சொன்னதில்லை.

அடுத்த நாள் அண்ணி வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஜீப் வீட்டைவிட்டுப் போய்விட்டது. இவர் வேலை செய்யும் கம்பெனியில் அப்போது ஷிப்டு மாற்றுகிற சமயம். பகல் ஷிப்டு யாருக்கு என்பது சூப்பர்வைசர் கையில். அவர் மகனுக்குப் பிறந்தநாள். ஜீப்பை இவர் வண்ணத்தாள் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். வந்து என்னிடம் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வழிசல் இருந்தது. மேலிடத்தில் சிரித்த சிரிப்பைத் துடைக்காமலே வீடு வந்திருந்தார்.

"வீட்டுல இருந்தா ஆபத்துக்கா. உன் நல்லதுக்குத்தான்" என்றார் அண்ணியிடம். பேட்டரி இல்லாத ஜீப்பில் என்ன ஆபத்தோ.

"என் சாமானைத் தூக்கிக் குடுக்க நீ யாருடா?"

"ஒரு பொம்மைக்காக இப்படி…"

அண்ணி அதற்குமேல் கேட்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "வாம்மா."

சூப்பர்வைசரின் மனைவி கதவைத் திறந்தார். ஜீப் முற்றத்தில் கிடந்தது. ஓடாததால் கழுத்தில் கயிறு கட்டித் தரதரவென்று இழுத்திருக்கிறார்கள். சக்கரமெல்லாம் முடியும் நூலும். பின் அச்சு வளைந்திருந்தது.

"இது என்னோடதுங்க. என் தம்பி தெரியாம குடுத்துட்டான்."

"தெரியாமலா? கலர் பேப்பர் எல்லாம் அழகா சுத்தி இருந்துதே?"

"அவனுக்கு அது ஒண்ணு நல்லா வரும்ங்க. யார் காதுல வேணும்னாலும் பூ சுத்துவான்."

அந்த அம்மாள் மூக்கைச் சுளித்தார். குனிந்து எடுக்கவில்லை. காலால் ஜீப்பை எங்கள் பக்கம் தள்ளினார். அண்ணி அதை எடுத்து முந்தானையால் துடைத்துக்கொண்டு நடந்தார்.

மறுபடி அதே கடைக்குத் தனியாகப் போய்ப் பேட்டரியும் அதற்கான சார்ஜரும் வாங்கி வந்தார். கடைக்காரர் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: "சார் வரலையா?"

என் வீட்டுக்காரருக்கு ராத்திரி ஷிப்டு கிடைத்தது. ஒரு பொம்மைக்காகக் கூடப்பிறந்தவள் மானத்தை வாங்கிவிட்டாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். உப்பிய பேட்டரியைத் தானே மணலில் போட்டு வீட்டைக் காப்பாற்றியதாகவும் சொல்கிறார். கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறேன்.

இப்போது அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள், பேச்சில்லை. சம்பளத்தை அண்ணி தன்னிடமே வைத்துக்கொள்கிறார். ஜீப்பை வீட்டில் வைப்பதில்லை, சலவைப் பிரிவில் பூட்டி வைத்திருக்கிறார். விடுமுறை நாளில் எடுத்துக்கொண்டு தொழிற்சாலைப் பின்புறம் போகிறார். புது அச்சுக்குச் சொல்லி வைத்தது இன்னும் வரவில்லை. வளைந்த அச்சோடு ஜீப் கல் ஏறுகிறது, கொஞ்சம் இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு.