பனியாற்றுக்குப் போன பன்னிரண்டு பேர்

டூர் கூட்டிப்போகிற வேலையில் ஊர் பார்ப்பது மற்றவர்கள். நாம் பார்ப்பதெல்லாம் தலைக்கணக்குதான், இல்லையா?

திட்டம் சொன்ன நாள்

ஜவ்வாது மலையிலிருந்து பன்னிரண்டு பேர் இமயமலைப் பனியாறு பார்க்கக் கிளம்பினார்கள். ஒடுகத்தூரில் பஸ் பிடித்து, இடுப்பில் பிள்ளையோடு அவர்கள் ஊருக்கே போய்த் திட்டத்தை விளக்கினேன். முதல் நாள் ஓய்வு, மறுநாள் காலை பனி மேல் ஒரு மணி நேர நடை, மதியம் அருவி. பனியாறு என்றால் என்னவென்று கேட்டார்கள். மலை மேல் ஆறு மாதிரி கிடக்கிற ஐஸ், கண்ணுக்குத் தெரியாமல் நகரும் என்றேன். புளி தட்டிக்கொண்டிருந்த ராணியக்கா மட்டும் நிமிர்ந்தார்.

"நவுர்றதுன்னா உசுரோட கீதுன்னுதான அர்த்தம்? அது மேல செருப்போட ஏறலாமா?"

அடியில் ஒரு சத்தம்

அங்கே போய், காலில் இரும்பு முள் கட்டிக்கொண்டு ஏறினோம். நல்ல வெயில். திடீரென்று காலுக்கடியில், எங்கோ ஆழத்தில், கதவு சாத்துகிற மாதிரி 'தொம்' என்றது. ஐஸ் வெடிக்கிறது, தினமும் உள்ளதுதான் என்றார் அந்த ஊர் வழிகாட்டி. ராணியக்கா வீட்டுக்காரர் குப்பண்ணன் குனிந்து பனியில் காது வைத்தார். என்ன கேட்கிறது என்று சிரித்துக்கொண்டே விசாரித்தேன்.

"யாரோ பெருமூச்சு வுட்ற மாதிரி கீதும்மா. கொயந்தய மட்டும் இங்க இட்டாராத."

பதினோரு பேர்

திரும்பும்போது மூடுபனி இறங்கிவிட்டது. எண்ணினேன், பதினொன்று. ராணியக்கா இல்லை. புதுப்பனி மூடிய பிளவுகள் சுற்றிலும் இருக்கின்றன, யாரும் நகரக் கூடாது என்றார் வழிகாட்டி. "ராணியக்கா" என்று ஒரு தடவை கத்திவிட்டுக் காது கொடுத்தேன். பதில் இல்லை. குப்பண்ணன்தான் சொன்னார், காட்டில் ஒரே தடவை கூப்பிட்டால் எங்கள் ஊரில் யாரும் பதில் குரல் கொடுக்க மாட்டார்கள், மூன்று தடவை கூப்பிடு என்று. கூப்பிட்டேன். "தோ, இங்கதான் கீறேன்" என்று பத்தடி தூரத்திலிருந்து குரல் வந்தது.

வழிகாட்டி தடியால் தட்டிக்கொண்டே போய் அவரைக் கைபிடித்துக் கூட்டி வந்தார். அக்கா நின்ற இடத்துக்கு அப்பால் தடி பட்டதும் பனி பொலபொலவென்று உள்ளே விழுந்து, நீலமாக ஒரு பிளவு வாய் திறந்தது. இவ்வளவு கிட்டத்தில் இருந்துகொண்டு முதலிலேயே ஏன் பேசவில்லை என்று அழாத குறையாகக் கேட்டேன்.

"அதுக்கு முன்னாலயே அந்தாண்ட பக்கமிருந்து உன் கொரல்ல ஒருத்தி கூப்ட்டா, ஒரே தபா. நீயும் ஒரு தபாதான கூப்ட்ட? எது நீன்னு எனக்கு எப்டி தெரியும்?"

இப்போதெல்லாம் எந்த ஊர் டூர் என்றாலும் ஒவ்வொருவரையும் மூன்று தடவை கூப்பிடுகிறேன், இந்தப் பொண்ணுக்குப் பொறுமையே இல்லை என்று பேர் வாங்கியதுதான் மிச்சம்.