குப்பைப் பையில் கிடந்த அக்காவின் வேதாகமம்

எங்கள் அன்பு அக்கா ஆண்டவருக்குள் இளைப்பாறி ஓராண்டு நிறைகிறது. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுதும்படி வீட்டில் சொன்னார்கள். அக்காவைப் பற்றி எழுத நல்லதுதான் இருக்கிறது. அருவருப்பெல்லாம் எங்களைப் பற்றியது. அதை விட்டுவிட்டால் இந்த மலர் பொய்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்த அக்கா அங்கேயே வாழ்ந்து அங்கேயே கண்மூடினார். அப்பா இறந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. தையல் மெஷினை மிதித்தே அண்ணாவையும் என்னையும் படிக்க வைத்தார். தாம் கல்யாணம் செய்யவில்லை. புதன்கிழமை மாலைகளில் மட்டும் மெஷினை மூடி, அதன்மேல் வேதாகமத்தை விரிப்பார். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வருவார்கள். ஒரு பகுதியை வாசித்து முடித்ததும் எப்போதும் ஒரே கேள்விதான்.

“இதில இயேசு என்ன செய்யிறார்? அதை முதல்ல சொல்லுங்கோ. எங்கட கதை பிறகு.”

பதில் சொன்னவரின் பெயரையும் சொன்னதையும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வார். இருபது வருடங்களில் ஓரங்கள் நிறைந்து, அட்டை பிய்ந்து, புத்தகம் ஒட்டிய பிளாஸ்டரில்தான் நின்றது. நான் வெள்ளவத்தைக்குக் குடிபோனபின் பொன் விளிம்பு வைத்த புது வேதாகமம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். “இதில எழுத மனம் வராது பிள்ளை” என்று அலுமாரியில் வைத்துவிட்டார். அத்தனை வருடங்களில் ஒரே ஒரு புதன்கிழமை போய் உட்கார்ந்தேன். அன்றும் பாதியில் எழுந்துவிட்டேன்.

புற்றுநோய் கண்டபோது, நுகேகொடையிலிருந்து அண்ணா யாரோ ஜெபித்துக் கொடுத்த எண்ணெய்ப் போத்தலோடு வந்தார்.

“இவ்வளவு வாசிச்சும் உங்களுக்கு இந்த வருத்தம் வந்திட்டுதே, அக்கா.”

“வருத்தம் வராமல் இருக்க நான் வாசிக்கேல்லை, தம்பி. அவரை அறியத்தான் வாசிச்சனான்.”

அக்காவுக்குக் கண் மங்கிய பிறகு அந்தப் பெண்கள் கட்டிலருகே இருந்து வாசித்தார்கள். கடைசிப் புதன்கிழமையும் அதே கேள்வியைக் கேட்டார்.

இறந்தவரின் வேதாகமத்தைச் சவப்பெட்டிக்குள் கையருகே வைப்பது எங்கள் குடும்ப வழக்கம். அண்ணா பழையதைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தார். “இந்தக் கிழிஞ்சதை வச்சால் வடிவில்லை. வெளிநாட்டில எல்லாரும் லைவ்வில பார்ப்பினம்.” அவரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். ஓடிப்போய் அலுமாரியைத் திறந்து புதியதை எடுத்துக் கொடுத்தவள் நான். அதன் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு நாளும் வாசிக்காத அந்தப் புத்தகத்தோடுதான் அக்காவைப் பொரளை மயானத்தில் அடக்கம் செய்தோம். படம் வடிவாக வந்ததென்று பலரும் பாராட்டினார்கள். தூ!

அன்று மாலை, புதன்கிழமைப் பெண்களில் ஒருவரான பக்கத்து வீட்டு ராணி மாமி, நாங்கள் வாசலில் வைத்த குப்பைப் பைக்குள் கையை விட்டார். வாடிய பூவுக்கும் தேநீர்க் கோப்பைகளுக்கும் நடுவிலிருந்து பழைய வேதாகமத்தை எடுத்தார்.

“இதை ஆர் எறிஞ்சது?”

அண்ணா போனைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

அக்காவின் கடைசி நாட்களில் குளிப்பாட்டி, சோறூட்டி, வாசித்துக் காட்டிய புதன்கிழமைப் பெண்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. மலர்வளையம் அனுப்பிய உறவினர், நண்பர்களுக்கும் நன்றி.

இப்போது புதன்தோறும் ராணி மாமி வீட்டில் அந்த வேதாகமத்தை விரிக்கிறார்கள். நானும் போகிறேன். ஆண்டவர் சீஷரின் கால்களைக் கழுவும் பகுதிக்குப் போன மாதம் வந்தோம். ஓரத்தில் எட்டுப் பெயர்கள், எட்டுப் பதில்கள். ஒன்பதாவதாக என் பெயர். அதற்கு எதிரே, அன்று எழுந்து வரும்போது நான் சொன்னதை அக்கா அப்படியே எழுதியிருக்கிறார்: “நேரமில்லை, பிறகு வாறன்.”

அதை அழித்துவிடச் சொல்லி ராணி மாமி அழிறப்பரை நீட்டினார். வேண்டாம் என்றேன். அக்காவின் கேள்விக்கு, அவர் உயிரோடிருந்தபோது நான் சொன்ன ஒரே பதில் அதுதான்.