பத்துமலையின் கால் சுட்ட கதை

மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் உள்ள கையுறைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகத் தரம் பார்க்கிறவள் கலாதேவி. கையுறையில் தண்ணீரை நிரப்பித் தொங்கவிட்டு, ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். எதையும் இரண்டு தடவை பார்க்காமல் நம்ப மாட்டாள். அவள் கணவர் பத்துமலை லாரி ஓட்டுகிறவர். அவருக்கு அம்மன்தான் எல்லாம்.

செமோர் பக்கத்தில் பழைய ரப்பர் தோட்டம் வீடுகளாகிவிட்டது. தோட்டத்து மாரியம்மன் கோயில் மட்டும் மிச்சம். அங்கே பதினெட்டு வருடம் தீமிதியில் முதல் ஆளாக இறங்கியவர் பத்துமலை. போன வருடம் வலது உள்ளங்கால் சுட்டுக் கொப்புளம் போட்டுவிட்டது. விரதத்தில் தண்ணி அடித்திருப்பார் என்றார்கள் சிலர். வெளியே யாரோ பொம்பளை என்றார்கள் வேறு சிலர். இனி அவர் முன்னால் இறங்கக் கூடாது என்று கோயில் நிர்வாகம் முடிவெடுத்தது.

விரதத்தின் இருபத்தொரு நாளும் அவருக்குத் தனிச் சட்டியில் சமைத்துப் போட்டவள் கலாதேவி. பேச்சு காதில் விழுந்ததும், கோயிலின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நேரே போனாள்.

செயலாளர் சிவபிரகாசம் சுவரைக் காட்டினார். 'விரதம் தவறியவர் அனைவருக்கும் கால் சுடும்' என்று பெயிண்டில் எழுதியிருந்தது.

"நாங்களா சொல்றோம்? இது அந்தக் காலத்துலேர்ந்து இருக்கு லா."

"சரிண்ணே. தவறினவங்களுக்குச் சுடும்னு எழுதியிருக்கு. சுட்டவங்க எல்லாம் தவறினவங்கன்னு எங்க எழுதியிருக்கு?"

"ரெண்டும் ஒண்ணுதானே லா?"

"இல்லண்ணே. எங்க ஃபேக்டரில மூணாம் மெஷின் கெட்டப்ப, அதுல வந்த கையுறை எல்லாம் ஒழுகிச்சு. அப்ப ஒழுகுறது எல்லாம் மூணாவதுலேர்ந்துதான் வருதுன்னு அதை நிறுத்துனோம். மறுநாளும் ஒழுகிச்சு. பாத்தா, அஞ்சாவதுலயும் கோளாறு."

பின்வரிசையிலிருந்து தர்மேந்திரன் எழுந்தான். ஈப்போவில் கார் பட்டறை வைத்திருப்பவன். அதே நாளில் தீ மிதித்தவன்.

"அண்ணே, நான் விரதத்துல ரெண்டு நாள் கோழி சாப்பிட்டேன். எனக்கு ஒண்ணும் சுடல."

சிவபிரகாசம் சுவரைப் பார்த்தார், பிறகு தர்மேந்திரனைப் பார்த்தார். தவறியவனுக்கே சுடவில்லை என்றால், அந்த வரியே இப்போது நிற்கவில்லை. முடிவைத் திரும்பப் பெறுவதாகக் குறிப்பேட்டில் எழுதினார்கள். அடுத்த வாரம் சுவரில் அந்த இடத்தில் மட்டும் புதுச் சுண்ணாம்பு தெரிந்தது.

பத்துமலைக்கு அதில் பெரிய சந்தோஷம் இல்லை. சாப்பிடும்போது கேட்டார்:

"நான் தப்பே பண்ணலன்னா ஏன் கலா சுட்டுச்சு?"

"தெரியலங்க. தப்பு பண்ணலங்கறது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

இத்தனை நாளும் அவர் அந்த இருபத்தொரு விரத நாளை ஒவ்வொன்றாகத் துழாவிக்கொண்டிருந்தார் என்பது அவளுக்குத் தெரியும். ஏதாவது ஒரு தப்பு கிடைத்திருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பார். அதையும் தான் பிடுங்கிவிட்டோமோ என்று அவளுக்குத் தோன்றியது.

இந்த வருடம் அவரே முதலில் இறங்கினார். கால் சுடவில்லை. மறுகரை ஏறியதும், மூச்சு வாங்க அவளிடம் சொன்னார்:

"அம்மா என்னை மன்னிச்சிட்டா."

சுடாததை வைத்து அப்படி எதுவும் முடிவுகட்ட முடியாது என்று அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. அவர் உட்காரப் பாயை விரித்தாள்.