எப்ப வருவ என்று கேட்காதவர்

பாம்பனில் வேதநாயகத்தின் மொட்டைமாடியில் முழ நீளத்துக்கு ஒரு வெள்ளைக் குழாய் நிற்கிறது. டிஷ் மாட்டும் தொழில்காரர் வீடு என்பதால் யாரும் அதை வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. விமானங்களின் பேச்சைப் பிடிக்கிற ஆண்டெனா அது. எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று இணையத்தில் காட்டும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று, இந்தக் கரையில் ஆள் தேடி இலவசமாக அனுப்பியது.

ஒவ்வொரு விமானமும் தான் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாக அறிந்து, உயரம், வேகம் எல்லாவற்றையும் விநாடிக்கு ஒரு தடவையாவது சொல்லிக்கொண்டே போகிறது. யாரும் கேட்க வேண்டியதில்லை. இது தெரிந்த நாளில் வேதநாயகத்துக்கு வியப்பு வரவில்லை, வயிறு எரிந்தது. ஆறு வருடத்துக்கு முன் அவர் தம்பி ஜோஸ்வாவின் வள்ளம் நாலு பேரோடு மன்னார் வளைகுடாவில் காணாமல் போனது. இடம் தெரியாமல் எங்கே தேடுவது என்று கேட்டார் அதிகாரி. தேடக் கிளம்பவே மூன்று நாள் ஆனது. கோயிலில் ஆண்டவர் சித்தம் என்றார்கள். இருக்கும் இடத்தைச் சொல்லும் கையடக்கமான ஒரு கருவி இல்லாமல் செத்தவர்களின் பழியை ஆண்டவர் தலையில் போட்டுவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். அன்றோடு வேதநாயகம் கடலையும் விட்டார், கோயிலையும் விட்டார்.

மனைவி இறந்தபின் அவருக்கென்று இருந்தது மகள் ஜெர்லின் மட்டும். அவளும் குவைத்துக்கு நர்ஸ் வேலைக்கு இன்று கிளம்பிவிட்டாள். மதுரை வரை, வாடகைக்கு ஓட்டும் ஊர்க்காரர் சுஐபின் கார். அங்கிருந்து விமானத்தில் கொழும்பு, பிறகு குவைத். பெட்டியைக் காரில் ஏற்றியவர், பார்த்துப் போ என்றதோடு நின்றுகொண்டார்.

மத்தியானம் சுஐபு போன் செய்தார். பிள்ளை வழியெல்லாம் அழுதுகொண்டே வந்ததாம்.

“எப்ப வருவன்னு ஒரு வார்த்தை கேக்கலையாமே அண்ணே. தொல்லை விட்டுச்சுன்னு இருக்காருன்னு நெனைக்குது.”

கடலுக்குப் போகிறவனை எப்ப வருவ என்று கேட்கக் கூடாது. கேட்டால் திரும்ப மாட்டான் என்பது கரையின் வழக்கம். அதைப் பேத்தல் என்று ஊரோடு சண்டை போட்டவர் வேதநாயகம். அவர் அதை மதிக்க மாட்டார் என்று தெரிந்ததால்தான் மகளும் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டாள். ஆனால் ஜோஸ்வா கடைசியாகக் கிளம்பிய அன்று, வழக்கத்தைக் கேலி செய்யவே அவர் வேண்டுமென்றே கேட்டிருந்தார். ‘எப்ப வருவ?’ அதற்கும் வள்ளம் போனதற்கும் சம்பந்தமில்லை என்று அவருக்குத் தெரியும். இன்று காலை மகளிடம் கேட்க நாக்குத்தான் எழவில்லை.

லேப்டாப்பை மாடிக்கு எடுத்துப்போய் உட்கார்ந்தார். மதுரையிலிருந்து எழும்பிய புள்ளி தெற்கே வந்து, ஜோஸ்வா போன கடலுக்கு மேலே நகர்ந்தது. கொழும்பை நெருங்கித் தாழ்ந்தபோது சட்டென்று நின்றுபோனது. பூமியின் வளைவு மறைத்திருக்கிறது, அவ்வளவுதான். கரையிலிருந்து பார்த்தால் தூரத்துப் படகின் உடம்பு முதலில் மறைவதைப் போல. அறிவுக்கு இது போதும். வயிற்றுக்குப் போதவில்லை.

போனை எடுத்து, குரல் பதிவில் சொன்னார்:

“ஜெர்லின், அப்பா பேசுறேன். எப்ப வருவ?”

பதிவை அனுப்பினார். ஒற்றை டிக் விழுந்தது. அரைமணி நேரம் அது ஒற்றையாகவே நின்றது. பிறகு இன்னொன்று சேர்ந்தது. இறங்கிவிட்டாள். வெயில் தணியும் நேரத்தில் இரண்டும் நீலமாயின. கேட்டுவிட்டாள். பதில் வரவில்லை.

குவைத் விமானம் அரபிக்கடலுக்கு மேலே போய்விட்டால் இந்த ஆண்டெனாவுக்கு எட்டாது. எட்டும் வரையாவது அதன் புள்ளியைப் பார்க்கலாம் என்று, போனைத் தொடைமேல் வைத்துக்கொண்டு வேதநாயகம் மாடியிலேயே இருந்தார்.